காது கேட்ட வால்வு

நேரம் இரவு பதினொன்றேகால். வெள்ளவத்தை. காலி வீதியில் பஸ் ஓட்டம் ஓய்ந்துவிட்டது. அந்த வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகள் உங்களுக்குத் தெரியும்தானே... பகலில் கால் வைக்க இடமிராது, இரவில் ஈ காக்கை இராது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. அப்படி ஓர் ஒழுங்கையின் கடைசி வீட்டுக் கேற்றுக்கு முன்னால் ஓர் ஓட்டோ வந்து நின்றது. பின் ஆசனத்தில் ஒரு பெரிய கறுப்புப் பெட்டி. அதை அணைத்துப் பிடித்தபடி ஒரு பெண்.

கொஞ்சம் நெருங்கி இருங்கள். அந்தப் போன் வெளிச்சத்தையும் நிறுத்துங்கள், கண்ணைக் குத்துகிறது. இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. என் மச்சாளின் கூட்டாளி ஒருத்தி, டொக்டர், அதே வீட்டு மேல்மாடியில் குடியிருந்தவள், அவள் கண்ணால் கண்டது. இதை வாய் திறந்து சொல்ல அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. கேட்டுவிட்டு "அதுக்கு ஒரு காரணம் இருக்கும்" என்று என்னிடம் வராதீர்கள். காரணம் கண்டுபிடிக்கிறதையே தொழிலாக வைத்திருந்த ஆளுக்குத்தான் இது நடந்தது.

ஆளின் பெயர் இரத்தினசிங்கம். யாழ்ப்பாணத்தார், அறுபத்து மூன்று வயது. பழைய கிற்றார் அம்ப், அதுதான் கிற்றார் சத்தத்தைப் பெருப்பிக்கிற பெட்டி, திருத்துகிறவர். இப்போது வருகிற சின்னப் பெட்டிகளைச் சொல்லவில்லை. உள்ளே கண்ணாடி வால்வு செக்கச்சிவந்து எரிகிற, தூக்க இரண்டு பேர் வேண்டிய அந்தக் காலத்துப் பெட்டிகள். வீட்டின் முன்னறைதான் வேலையறை. ஈயம் உருகிய மணமும், சூடேறிய தூசி மணமும், பழைய தேத்தண்ணீர் மணமும் எந்நேரமும் அங்கே இருக்கும்.

ஓட்டோவில் வந்தவள் யூஜினா. கொட்டாஞ்சேனைக்காரி. ஐம்பது வயது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்கும், சனிக்கிழமைகளில் கலியாண வீடுகளுக்கும் கிற்றார் வாசிக்கிறவள். பெட்டி அவளுடைய அப்பா காலத்தது. துறைமுகத்துக்கு வந்த யாரோ கப்பல்காரன் கொடுத்துவிட்டுப் போனது. அன்றைக்கு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் வாசித்துவிட்டு, போட்ட சாரியோடு நேரே இங்கே வந்திருந்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க, இந்த நேரத்துல வந்து கதவத் தட்டுறேன். இன்னைக்கு என் மானமே போயிருச்சு. மாப்பிள்ளையும் பொம்பளையும் கேக் வெட்டுறாங்க, நான் மெதுவா வாசிக்கிறேன், பின்னால கரகரன்னு ஒண்ணு வருது."

"வொலியூம் கூட்டினா வருகுதோ?"

"இல்லண்ணே. குறைச்சாத்தான் நல்லாக் கேக்குது. கம்பியத் தட்டிட்டு விட்டா, சத்தம் அடங்கப் போற நேரம் பாத்து வருது. யாரோ பக்கத்துல வந்து நிக்கிற மாதிரி. மாதாவே!"

"ஒண்டுக்கும் பயப்பிடாதையும். கிழடு தட்டிப் போச்சு, அவ்வளவுதான். எனக்குத் தொண்டை கரகரக்கிறேல்லையே, அது மாதிரி" என்றார் இரத்தினசிங்கம். "வாற சனிக்குள்ள தாறன்."

மூச்சு வாங்க வாங்க இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தார்கள். யூஜினா திரும்பப் போனவள் நின்றாள்.

"அண்ணே, உள்ள அக்கா கூப்பிடுறாங்க."

அவருக்குக் கேட்கவில்லை. தலையைத் திருப்பி இடது காதை உள்பக்கம் கொடுத்தார். அப்போது கேட்டது. "இஞ்சேருங்கோ..."

"வாறன், வாறன்" என்று கொண்டு உள்ளே போனார்.

கூப்பிட்டது அவருடைய மனைவி பத்மாவதி. பாரிசவாதம் வந்து நான்கு வருஷமாகப் படுக்கை. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சில் மிஞ்சியது நாலைந்து சொல். அதோடு நெஞ்சில் எந்நேரமும் சளி. மேல்மாடி டொக்டர், நான் சொன்னேனே, றேணுகா என்று பெயர், அவள் ஒரு விஷயத்தைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: மூச்சுச் சத்தம் மாறினால் உடனே தலையைத் தூக்கி நிமிர்த்த வேண்டும். இல்லாவிட்டால் சளி அடைத்து, கண் மூடித் திறக்கிறதற்குள் போய்விடுவா.

பகலில் பார்க்க வெள்ளையம்மா என்று ஒரு பெண் வருவாள். ஐந்து மணிக்கு அவள் போய்விட்டால் விடியும்வரை இவர் ஒருவர்தான். ஒரே மகள் தனுஷியா கனடாவில். பாவம், அவளும் என்ன செய்வாள், போனில் அழுவாள். இதற்குள் போன வருஷம் இவருடைய வலது காதும் போய்விட்டது. முன்னறையில் இருந்தால் உள்ளறை மூச்சு கேட்காது. பக்கத்துக் கட்டிலில் படுத்தாலும் நித்திரையில் கேட்காது. அதனால் அரை மணித்தியாலத்துக்கு ஒருதடவை எழும்பிப் போய் அவள் மூக்கடியில் இடது காதை வைத்துக் கேட்பார். ஒரு இரவுக்குப் பதினைந்து தடவை. நித்திரை இல்லாத மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணுக்குக் கீழே தோல் தொங்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாயில் வைக்க மறந்துபோவார். அப்படித்தான் இருந்தார்.

எப்படியும் விழித்திருக்கிற மனிதர், வேலையையும் இரவில்தான் செய்வார். யூஜினாவின் பெட்டியை அன்றிரவே திறந்தார்.

இப்படியான பெட்டி கரகரத்தால், தெரிந்தவன் எடுத்த உடனே உள்ளே கை வைக்கமாட்டான். முதலில் வெளியில் இருப்பதைப் பார்ப்பான். வேறு கிற்றார் மாட்டினார். வேறு வயர் மாட்டினார். கரகரப்பு அப்படியே இருந்தது. பிறகு வொலியூம் குமிழ்களைக் கழற்றி, உப்புக் காற்றில் பச்சை பிடித்திருந்த வால்வுக் கால்களை ஒவ்வொன்றாகச் சுரண்டித் துடைத்தார். குமிழைத் திருப்பும்போது வந்த "பறபற" போய்விட்டது. மற்றது போகவில்லை.

இரண்டாம் நாள் உள்ளே இறங்கினார். ஒரு கை வேலை செய்யும், மற்றக் கை முதுகுக்குப் பின்னால். இரண்டு கையையும் உள்ளே விட்டால், கரண்ட் ஒரு கையால் ஏறி நெஞ்சைக் கடந்து மறு கையால் இறங்கும் என்பது அந்தத் தொழிலில் சின்ன வயதிலேயே படிக்கிற பாடம். கரண்டைச் சேர்த்து வைக்கிற கொண்டென்சர் இரண்டு வீங்கிக் கிடந்தன. மாற்றினார். அடியில் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் பாதியாகக் குறைந்தது.

ஆனால் ஒன்று கவனித்தார். வழமையாக ஒரு பிழையைத் திருத்தினால் கரகரப்புக் கொஞ்சம் குறையும். இதில் அப்படி இல்லை. ஒவ்வொன்றாகத் திருத்தத் திருத்த, மிஞ்சிய சத்தம் இன்னும் தெளிவாக வந்தது. கலங்கிய கிணற்றில் சேறு அடங்க அடங்க, அடியில் விழுந்து கிடக்கிற வாளி தெரியுமே, அப்படி.

மூன்றாம் நாள் இரவு ஒரு மணி. ஓர் உடைந்த அகப்பைக் காம்பை எடுத்து, எரிந்துகொண்டிருந்த வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினார். டொக்... ஒன்றுமில்லை. டொக்... ஒன்றுமில்லை. கிற்றார் வயர் வந்து சேருகிற இடத்தில் இருந்த சின்ன வால்வைத் தட்டினார்.

டிங்ங்ங்...

ஸ்பீக்கரில் மணி அடித்தது போல் வந்தது. "ஆ... பிடிச்சிட்டன் உன்னை" என்றார்.

விஷயம் இதுதான். வால்வு கிழடானால் உள்ளே இருக்கிற மெல்லிய தகடுகள் தளர்ந்துவிடும். பிறகு அது கம்பியின் சத்தத்தை மட்டும் பெருப்பிக்காது. மேசையில் தட்டினால், கதவைச் சாத்தினால், அந்த அதிர்ச்சியையும் பிடித்து ஸ்பீக்கரில் போடும். தொழில்காரர் அதைக் காது கேட்கிற வால்வு என்பார்கள். மாற்ற ஐந்து நிமிஷம் போதும். அதே வால்வு புதியது ஒன்று அவருடைய லாச்சிக்குள் இருந்தது. லாச்சியை இழுத்தும்விட்டார். கை அதற்குள் போய்விட்டது.

அப்போதுதான் கேட்டது.

ஹ்ஹ்... ஸ்ஸ்ஸ்... க்ளக்.

ஹ்ஹ்... ஸ்ஸ்ஸ்... க்ளக்.

உள்ளே போகிற மூச்சு. வெளியே வருகிற மூச்சு. கடைசியில் தொண்டைக்குள் ஒரு சின்னச் சொடுக்கு. அந்தச் சொடுக்கை அவருக்குத் தெரியாதா? நான்கு வருஷமாக இரவில் பதினைந்து தடவை காதை வைத்துக் கேட்கிற சத்தம். பத்மாவதியின் மூச்சு.

நடுவில் இரண்டு சுவர். ஒரு நடை. அவ்வளவு தூரத்து மூச்சை எந்த வால்வும் பிடிக்காது. அது மற்ற எல்லாரையும்விட அவருக்குத் தெரியும். அதனால் சோதித்துப் பார்த்தார். கதவுகளைத் திறந்துவிட்டு, ஸ்பீக்கரை நடைப்பக்கம் திருப்பி, போய்க் கட்டிலருகே நின்றார். அவளுடைய நெஞ்சு ஏறும்போது ஸ்பீக்கர் "ஹ்ஹ்" என்றது. இறங்கும்போது "ஸ்ஸ்ஸ்". ஒன்றுகூடப் பிசகவில்லை. இருபது நிமிஷம் நின்றார். பிறகு வந்து லாச்சியை மூடினார்.

மூடிவிட்டார்! அட, அந்த இடத்தில்தான் பிழை நடந்தது. வேறு யாராக இருந்தாலும் பயந்து பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். இந்த மனிதருக்கு வந்தது பயம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. இனி அரை மணித்தியாலத்துக்கு ஒருதடவை எழும்ப வேண்டாம். சாய்மனைக் கதிரையை இழுத்து, இடது காதை ஸ்பீக்கருக்குக் கொடுத்துச் சரிந்தார். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே நித்திரையானார்.

அந்த வாரமே அது அவளைக் காப்பாற்றியும் விட்டது, சொல்லவேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். விடியப்புறம் நாலு மணிக்கு ஸ்பீக்கர் "களகள" என்றது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். முகம் நீலம் பாரித்துக் கிடந்தவளைத் தூக்கி நிமிர்த்தி முதுகைத் தட்ட, சளி வெளியே வந்தது. அரை மணித்தியாலக் கணக்கில் போயிருந்தால் பிணத்தைத்தான் தூக்கியிருப்பார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை அவர் எப்படி விடுவார்?

படியில் கண்ட றேணுகா கேட்டாள்: "அங்கிள், முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு. நித்திரை வருதோ?"

"ஓம் பிள்ளை. இப்ப கொஞ்சம் படுக்கிறன்."

யூஜினாவுக்கு மட்டும் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு சனிக்கிழமை போனது. போன் வந்தது.

"அண்ணே, நான் ஊரெல்லாம் இரவல் வாங்கி வாசிச்சிட்டுத் திரியிறேன்."

"வால்வு வரேல்லைப் பிள்ளை. புறக்கோட்டையில இல்லை. சிங்கப்பூரால வரவேணும். கப்பல் பிந்திப் போச்சாம், அதோட சுங்கத்தில வேற..."

பொய் சொல்லிப் பழகாத ஆள், அதுதான் இவ்வளவு விளக்கம். புது வால்வு கைக்கு எட்டிய லாச்சிக்குள் கிடக்கிறது. யூஜினாவுக்கும் விளங்கியிருக்கும், பெருமூச்சு விட்டுவிட்டுப் போனை வைத்தாள். கவலைப்படாதீர்கள், பிறகு அவளுக்குப் பெட்டி கிடைத்தது, புது வால்வோடு. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனால் கேட்கலாம். ஒரு கரகரப்பும் இல்லை.

மூன்றாம் கிழமை ஓர் இரவு. கடைசி றெயில் போனது. கடற்கரைத் தண்டவாளம் அந்த வீட்டிலிருந்து கல்லெறி தூரம்தான். றெயில் போனால் யன்னல் கண்ணாடி கிணுகிணுக்கும், மேசையில் வைத்த ஆணிகள் நகரும். அன்றைக்கும் நகர்ந்தன. அவர் கதிரையில் அரைக்கண் மூடியபடி ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். றெயில் சத்தம் ஸ்பீக்கரில் வரவில்லை. ஒரு துளிகூட. அகப்பைக் காம்பு தொட்டதற்கு மணியடித்த வால்வு... வீடே ஆடுகிறது, வாயைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் வந்தது. ஹ்ஹ்... ஸ்ஸ்ஸ்... க்ளக்.

காம்பை எடுத்து வால்வைத் தட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஓங்கித் தட்டினார். ஒன்றுமில்லை. வால்வில் பிழையே இல்லை.

அப்படியென்றால் இந்த மூச்சு எந்த வழியால் வருகிறது?

அந்தக் கேள்வி வந்தது. வந்த கேள்வியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு கொட்டாவி வந்தது. கேள்வியை விட்டுவிட்டு நித்திரையானார். அவரைக் குறை சொல்லாதீர்கள். நான்கு வருஷம் நித்திரை கொள்ளாமல் இருந்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

இனித்தான் அந்த இரவு.

வெள்ளையம்மா ஹற்றனில் ஒரு செத்த வீட்டுக்குப் போய் மூன்று நாள். பகலும் இரவும் இவர்தான். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, கரைத்துப் பருக்குவது, திருப்பிப் படுக்க வைப்பது. நல்ல மழை. கழுவிப் போட்ட சீலை ஒன்றும் காயவில்லை, வீடு முழுக்க ஈரத் துணி மணம். இரவு பத்து மணிக்குள் இரண்டு தடவை படுக்கையை மாற்றிவிட்டார். மூன்றாம் தடவையாக ஈரமாகியது. "இஞ்சேருங்கோ" என்றாள். மாற்றினார். திரும்பக் கதவடிக்கு வரவில்லை, மறுபடியும் "இஞ்சேருங்கோ."

அவர் திரும்பிப் பார்த்தார். இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"பத்மா, கும்பிட்டுக் கேக்கிறன். ஒரே ஒரு இராவுக்கு என்னை நித்திரை கொள்ள விடும்."

கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அவள் அவரையே பார்த்தாள். இடது கண்ணில் மட்டும் தண்ணீர் நிறைந்தது. "ம்" என்றாள்.

சொன்ன வாய் அவருக்கே கசந்தது. போய்ப் பக்கத்தில் இருந்து தலையைத் தடவியிருக்கலாம். தடவ வேண்டும் என்றுதான் நினைத்தார். கால் வரவில்லை. லைற்றை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்து கதிரையில் விழுந்தார்.

ஹ்ஹ்... ஸ்ஸ்ஸ்... க்ளக். சீராக இருந்தது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

இரண்டு மணியளவில் ஒருதடவை விழிப்பு வந்தது. ஒரு செருமல் கேட்டது போல. "வாறன்" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார். ஸ்பீக்கரில் மூச்சு நின்றது. யாராவது பேசினால் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போமே... அப்படி நின்றது. பிறகு தொடங்கியது. இன்னும் மெதுவாக. குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்று விடுகிற மூச்சு மாதிரி. அவர் திரும்ப நித்திரையாகிவிட்டார்.

கண் விழித்தபோது ஐந்து இருபத்தைந்து. மழை விட்டிருந்தது. எங்கேயோ காகம் கத்தியது. ஏழரை மணித்தியாலம் கதிரையை விட்டு எழும்பாமல் படுத்திருக்கிறார்! உடம்பு பஞ்சாக இருந்தது. ஸ்பீக்கரில் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. பாவி மனிதர், சந்தோஷத்தில் அவசரப்படவும் இல்லை. குசினிக்குப் போய்த் தண்ணீர் கொதிக்கவைத்து, தனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தார். அவளுக்கும் ஒன்று ஆற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"பத்மா, எழும்பும். நேற்றுச் சொன்னதை மனசில வைக்காதையும்..."

கன்னத்தைத் தொட்டார். சீமெந்து நிலம் போல் குளிர்ந்தது.

கையைத் தூக்கப் பார்த்தார். கை மடங்கவில்லை. தாடை இறுகிக் கிடந்தது. வாய் ஓரத்தில் வழிந்த எச்சில் காய்ந்து வெள்ளையாகியிருந்தது. எத்தனை செத்த வீடு கண்டவர், இப்போது போன உயிர் இல்லை இது என்று அவருக்கு விளங்கியது. தேத்தண்ணீரை மேசையில் வைத்தார்.

முன்னறையிலிருந்து வந்தது. ஹ்ஹ்... ஸ்ஸ்ஸ்... க்ளக்.

அவர் படியடியில் நின்று கூப்பிட, றேணுகா இரவு உடுப்போடு ஓடி வந்தாள். கண்ணைப் பிரித்து வெளிச்சம் அடித்தாள். நெஞ்சில் குழாயை வைத்தாள். கையை, காலை, முதுகின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தாள்.

"அங்கிள்... கடைசியா எத்தினை மணிக்குப் பார்த்தனீங்கள்?"

"பத்து மணி."

"அதுக்குப் பிறகு கனநேரம் இருந்திருக்க மாட்டா. பத்து, பத்தரைக்குள்ள போயிருப்பா. நித்திரையிலதான் போயிருக்கிறா."

"இல்லைப் பிள்ளை. விடியவிடிய மூச்சு விட்டவ. நான் கேட்டனான். இப்பவும் விடுறா. வாரும், வந்து கேளும்."

அதிர்ச்சியில் பேசுகிறார் என்று நினைத்தாள். எத்தனை பேரைப் பார்த்திருப்பாள். தோளில் கை வைத்து அவரோடு முன்னறைக்கு வந்தாள். வந்தவள் கதவடியிலேயே நின்றுவிட்டாள்.

"இதென்ன, ரெக்கோட் பண்ணினதோ?"

"இதில ரெக்கோட் பண்ண ஒண்டுமில்லை. வெறும் அம்ப்."

"உங்கடை மூச்சா இருக்கும். ஒருக்கா மூச்சைப் பிடியுங்கோ அங்கிள்."

அவர் பிடித்தார். அவளும் பிடித்தாள். ஹ்ஹ்... ஸ்ஸ்ஸ்... க்ளக். படித்தவள் அல்லவா, கை தானாகவே மணிக்கூட்டுக்குப் போனது. எண்ணினாள். நிமிஷத்துக்குப் பதினான்கு. திரும்ப உள்ளே ஓடினாள். இரண்டாம் தடவையும் எல்லாவற்றையும் பார்த்தாள். குளிர். விறைப்பு. ஒரு துடிப்பும் இல்லை. வெளியே வந்தாள். பதினான்கு. அங்கே கிடந்த மர வாங்கில் தொப்பென்று இருந்துவிட்டாள்.

வெளிச்சம் வரத் தொடங்கியது. ஒழுங்கையில் பாண்காரனின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அந்தப் பாட்டுக்கு நடுவிலும் மூச்சு கேட்டது. கொஞ்சம் திணறிக் கேட்டது. ஒவ்வொரு "ஹ்ஹ்" உம் முந்தியதைவிடக் கஷ்டப்பட்டு வந்தது. மலை ஏறுகிறவர் விடுகிற மூச்சு மாதிரி.

"என்னாலதான் பிள்ளை" என்றார் இரத்தினசிங்கம். "நேற்று இரவு நான் கேட்டனான். ஒரு இராவுக்கு என்னை நித்திரை கொள்ள விடும் எண்டு. மூச்சு நிண்டா நான் எழும்பியிருப்பன்தானே... அதுதான் நிப்பாட்டேல்லை. எனக்காக விடியவிடிய விட்டுக்கொண்டிருக்கிறா. களைச்சுப் போனா. கேட்டுப் பாரும், எவ்வளவு களைச்சுப் போனா."

அப்போதுதான் அவர் அழுதார். அழுதுகொண்டே கையை நீட்டிச் சுவிட்சை நிறுத்தினார்.

இந்தப் பெட்டிகளில் சுவிட்சை நிறுத்திய உடனே சத்தம் சாகாது. உள்ளே சேர்ந்திருக்கிற கரண்ட் வடியும்வரை கொஞ்சம் இழுக்கும். பத்து விநாடி. மிஞ்சினால் இருபது. சிவப்பு லைற் அணைந்தது. வால்வுகள் மங்கி மங்கிக் கறுத்தன. பத்து விநாடி போனது. இருபது போனது. ஒரு நிமிஷம். ஹ்ஹ்... ஸ்ஸ்ஸ்... க்ளக். குனிந்து பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றினார். கழற்றிய வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு நிற்கவில்லை. றேணுகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அவர் முழந்தாளிட்டு, ஸ்பீக்கர்த் துணியில் நெற்றியை வைத்தார்.

"போதும் பத்மா. நான் நல்லா நித்திரை கொண்டிட்டன். இனி நீர் படும்."

நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. ஸ்ஸ்ஸ்... அவ்வளவுதான். அந்தச் சொடுக்குக்கூட வரவில்லை.

மணி ஆறு பத்து.

பிறகு செய்ய வேண்டியதைச் செய்யத்தானே வேண்டும். அவர் மகளுக்குப் போன் எடுக்க முன்னறையிலேயே இருந்தார். றேணுகா தாடையைக் கட்ட ஒரு துணித் துண்டை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனாள். தாடைக்குக் கீழே கையைக் கொடுத்தாள். தாடை இலகுவாக அசைந்தது. விறைப்பில்லை. நெஞ்சில் மடித்து வைக்கக் கையைத் தூக்கினாள். கை துவண்டு அவளுடைய உள்ளங்கைக்குள் விழுந்தது.

சூடாக இருந்தது.

துடிப்பைத் தேடினாள். இல்லை. கண்ணைப் பார்த்தாள். இல்லை. இறந்துதான் போயிருந்தாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இப்போதுதான். இந்த நிமிஷம்தான். முக்கால் மணித்தியாலத்துக்கு முன்னம் மரக்கட்டையாக விறைத்துக் கிடந்ததைத் தன் கையாலேயே தொட்டுப் பார்த்தவள் அவள்.

நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. இரத்தினசிங்கம் கதவுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"பிள்ளை... அவ பத்து மணிக்கே போயிட்டாதானே? நான் நிப்பாட்டினதால இல்லைத்தானே?"

றேணுகா அந்தக் கையை இரண்டு கையாலும் மூடிப் பிடித்திருந்தாள்.

"ஓம் அங்கிள். பத்து மணிக்கே."

"கஷ்டப்படேல்லைத்தானே?"

"இல்லை அங்கிள்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். றேணுகா படிவத்தை எடுத்து, நேரம் எழுதுகிற இடத்தில் இரவு பத்து மணி என்று எழுதினாள், கையெழுத்தும் போட்டாள். பேனையை வைத்துவிட்டுத் திரும்பத் தொட்டபோதுதான் அந்தக் கை மெல்ல ஆறத் தொடங்கியிருந்தது.